எரியாத துண்டு

செவ்வாய்க்கிழமை என்றால் நரசிம்மன் காலையிலேயே ஸ்பிரிட் விளக்கின் திரியைக் கத்தரித்துத் தயாராக வைத்துவிடுவார். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற சாலையில் இருந்த அந்தச் சின்ன பிளாஸ்டிக் தொழிற்சாலைக்கு அன்றுதான் இன்ஸ்பெக்டர் கோபாலகிருஷ்ணன் வருவார். பஸ்ஸைவிட்டு இறங்கி, கழுத்து வேர்வையைத் துடைத்து, ஒரு காபி குடித்துவிட்டு, "ஆரம்பிக்கலாமா சார்?" என்பார். நல்ல மனிதர். லஞ்சமாக ஒரு பிஸ்கட்கூட வாங்கமாட்டார். அவர் வாங்காததைப் பார்த்து, தொழிற்சாலையில் இருந்தவர்கள் தாங்களும் யோக்கியர்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கே செய்தது பியூஸ் பெட்டி. உள்ளங்கை அகலம், கறுப்பு நிறம், உள்ளே ஒரு பியூஸும் ஒரு சுவிட்சும் உட்காரும். மாமல்லபுரத்தை ஒட்டிய குப்பங்களில் குடிசைக்கு ஒரு பல்பு போட்டுத் தருவதாக 1976-இல் ஒரு கூட்டுறவுச் சங்கம் கிளம்பியது. பெட்டிகளை வாங்கியது அந்தச் சங்கம்தான், கோபாலகிருஷ்ணன் அதன் ஆள்தான். ஓலைக் கூரைக்குள் மின்சாரம் போவதால் சங்கம் இரண்டு நிபந்தனை வைத்திருந்தது. பெட்டி தீப்பிடிக்கக் கூடாது, அடிபட்டால் உடையவும் கூடாது.

சோதனை எளிதானது. விரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டை இடுக்கியில் பிடித்து, பத்து எண்ணும்வரை விளக்கில் காட்டுவார் நரசிம்மன். விளக்கை நகர்த்தியதும் துண்டில் இருக்கும் தீ தானாக அணைய வேண்டும். அது ஐந்து எண்ணுவதற்குள் அணைந்துவிடும். அடுத்து ஒரு பெட்டியைத் தரையில் வைத்து, தோள் உயரத்திலிருந்து இரும்புக் குண்டைப் போடுவார். குண்டு எகிறி ஓடும், பெட்டியில் கீறல்கூட விழாது. கோபாலகிருஷ்ணன் இரண்டு கட்டத்திலும் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அன்றைய வேலை முடிந்தது.

ஆனால் தீயில் காட்டிய துண்டும், குண்டு விழுந்த பெட்டியும் ஒரே கலவையில் பிறந்தவை அல்ல. துண்டு நரசிம்மனின் மேசை இழுப்பறையிலிருந்து வந்தது. பெட்டி மட்டும்தான் அந்த வாரத்து உருப்படி. இரண்டும் கறுப்பாக இருந்ததால் கோபாலகிருஷ்ணனுக்கு ஒருநாளும் சந்தேகம் வரவில்லை.

இது எப்படி ஆரம்பித்தது என்று கேட்டால், ஒரு நல்ல மனிதர் நியாயமான குறை சொல்லிக்கொண்டு வந்ததில்தான் ஆரம்பித்தது.

ஐந்து மாதத்துக்கு முன்னால், வேலாண்டிக் குப்பத்து மீனவர் இருசப்பன் மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தொழிற்சாலை வாசலில் வந்து நின்றார். கூடையில் மீன் இல்லை, உடைந்த பியூஸ் பெட்டிகள் இருந்தன. கூடவே அவருடைய ஏழு வயது மகள் லதா வந்திருந்தாள்.

"இன்னா சார் இது, ஆணி வச்சா வாயப் பொளந்துகினு போவுது? எங்க குப்பத்துல மட்டும் பதினோரு பொட்டி ஒடஞ்சி கீது. லைன்மேன் எங்களத் திட்றாரு. நாங்க இன்னா பண்றது?" என்றார் இருசப்பன்.

அவர் சொன்னது உண்மை. பெட்டியின் இரண்டு பக்கமும் காது மாதிரி இருக்கும், அதில் திருகாணி போட்டுப் பலகையில் மாட்ட வேண்டும். குடிசையில் பலகை ஏது, திருப்புளி ஏது? பனங்கட்டைத் தூணில் வைத்து ரெண்டு அங்குல ஆணியைக் கல்லால் அடித்தார்கள். காது விண்டு விழுந்தது.

முதலாளி தணிகைவேல் அவருக்கு மோர் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, நரசிம்மனை உள்ளே கூப்பிட்டார். நரசிம்மன்தான் அங்கே சோதனை மேற்பார்வையாளர். கலவை அளவும் அவர் பொறுப்புதான்.

"ஏன் ஒடையுது?"

"குண்டுக்குத் தாங்குது, ஆணிக்குத்தான் தாங்கல. பொடிதான் காரணம் முதலாளி. பிளாஸ்டிக்ல அந்த வெள்ளைப் பொடியக் கலந்தாத்தான் தீ அணையும். ஆனா பொடி ஏற ஏற பிளாஸ்டிக்குக்குப் பிடிமானம் கொறைஞ்சு போகும். மாவுல தவிடு அதிகமானா அடை விண்டு போறதில்லையா, அந்த மாதிரி."

"அப்ப பொடியக் கொறைங்க."

"கொறைச்சா எரியும்."

தணிகைவேல் சிரித்தார். "யாருய்யா போய் பெட்டிக்கு நெருப்பு வைக்கப் போறா? ஒடையுதுன்னுதான் வெளிய ஆள் வந்து நிக்கிறான். எரியுதுன்னு எவனாவது வந்தானா?"

"காதை மட்டும் தடிப்பாக்கி, ஓட்டையப் பெருசாக்கிட்டா இந்தக் கலவையே தாங்கும் முதலாளி. அச்சை மெட்ராஸுக்கு அனுப்பணும்."

"எத்தனை நாள்?"

"மூணு வாரம் ஆகும்."

"மூணு வாரம் மெஷின நிறுத்திட்டு என்ன பஜனை பண்றதா? பொடியக் கொறைங்க."

நரசிம்மன் பொடியைப் பாதியாக்கினார். துண்டு அரை நிமிஷம் எரிந்து அணைந்தது. பெட்டி அப்போதும் ஆணிக்கு விண்டது. கால்வாசி ஆக்கினார். துண்டு அணையவே இல்லை, உருகிச் சொட்டியது, சொட்டும் எரிந்துகொண்டே விழுந்தது. கடைசியில் பொடியே போடாமல் வார்த்தபோது பெட்டி ஆணிக்கும் தாங்கியது, குண்டுக்கும் தாங்கியது. இதையெல்லாம் தம் நோட்டில் தேதி போட்டு எழுதினார், பிறகு நோட்டை மூடிவிட்டார்.

அவரை யாரும் மிரட்டவில்லை. ஒருவரும் கையில் எதையும் திணிக்கவும் இல்லை. வாயைத் திறந்தால் பேச்சு வளரும், சும்மா இருந்தால் ஐந்து மணிக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம், அவ்வளவுதான். முதல் கலவையில் வெட்டிய இருபத்திரண்டு துண்டுகள் இழுப்பறையில் கிடந்தன. 'இந்த ஒரு தடவை' என்று அதில் ஒன்றை எடுத்து விளக்கில் காட்டினார். அடுத்த செவ்வாய்க்கிழமை இன்னொரு 'ஒரு தடவை' வந்தது.

புதுப் பெட்டிகள் குப்பத்துக்குப் போன பிறகு இருசப்பன் மறுபடி ஒருநாள் வந்தார். இந்த முறை கூடையில் வஞ்சிரம் மீன் இருந்தது.

"இப்ப கல்லால போட்டு அடிச்சாலும் ஒடையல சார். கெட்டின்னா கெட்டி! உங்களுக்குன்னுதான் எடுத்தாந்தேன்."

நரசிம்மன் சைவம். மீன் வாட்ச்மேன் சின்னையனுக்குப் போயிற்று. தேறாமல் ஒதுக்கிய பெட்டி ஒன்றை லதா கேட்டு வாங்கி, கிளிஞ்சல் போட்டு வைக்கப் போவதாகச் சொன்னாள். நரசிம்மன் அவளுக்கு மூடி சரியாகப் பொருந்துகிற பெட்டியாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார்.

சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம் வேலாண்டிக் குப்பம் எரிந்தது.

பெண்கள் மாமல்லபுரத்துச் சந்தைக்குப் போயிருந்தார்கள். ஆண்கள் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள். இருசப்பன் வீட்டுப் பெட்டிக்குள் உப்புக்காற்று பட்டுக் கம்பி முனை துருவேறி, பல நாளாகவே சூடேறிக்கொண்டிருந்தது. பெட்டி உருகித் தீப்பிடித்தது. சொட்டிய தீ கீழே குவித்திருந்த நைலான் வலையில் விழுந்தது, அங்கிருந்து ஓலைக்கு ஏறியது. கடற்காற்றில் இருபது நிமிஷத்தில் பதின்மூன்று குடிசைகள் போயின. காய்ச்சலில் உள்ளே படுத்திருந்த லதாவை இருசப்பன் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்து அவள் செத்துப்போனாள்.

வியாழக்கிழமை காலை சின்னையன் பேப்பரைக் கொண்டுவந்து காட்டினான். அதில் லதாவின் பெயர் இருந்தது. நரசிம்மன் அதைப் படித்தார், மடித்தார், சின்னையனிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு உட்கார்ந்து அன்றைய கலவைக்கு எடை போட்டார். எடையில் ஒரு பிழையும் இல்லை. மத்தியானம் மனைவி சாரதாம்பாள் கட்டிக் கொடுத்த தயிர் சாதத்தைச் சாப்பிட்டார், உப்பு இருந்ததா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை.

மூன்று மணிக்குத் தணிகைவேல் ஒரு டைப் அடித்த கடிதத்தை மேசையில் வைத்தார். சங்கத்துக்கு விளக்கம். பெட்டிகள் எல்லாச் சோதனையிலும் தேறியவை, இருசப்பன் என்பவர் பியூஸில் தடித்த கம்பியைப் போட்டதே விபத்துக்குக் காரணம் என்று எழுதியிருந்தது.

"டெஸ்ட் பண்ணது நீங்க. உங்க கையெழுத்து இருந்தாத்தான் செல்லும்" என்றார் தணிகைவேல்.

"அவர் தடிச்ச கம்பி போட்டாரா?"

"போட்டிருப்பான்யா. அவனுக்கு என்ன தெரியும்?"

"போய்ப் பார்த்துட்டு வந்து போடறேனே."

தணிகைவேல் கொஞ்சம் யோசித்தார். "சரி, போங்க. எரிஞ்ச பெட்டி எதனா கெடந்தா மறக்காம எடுத்துகிட்டு வந்துடுங்க."

மறுநாள் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. மாமல்லபுரத்தில் இறங்கியபோது கல் பட்டறைகளில் உளிச் சத்தம் எப்போதும்போல் கேட்டுக்கொண்டிருந்தது. அங்கிருந்து மணலில் ஒரு மைல் நடந்தார். செருப்புக்குள் சூடு ஏறியது. ஏதாவது அழுகை வரும், பயமாவது வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டே நடந்தார், ஒன்றும் வரவில்லை.

சாம்பலை ஏற்கெனவே கூட்டித் தள்ளியிருந்தார்கள். கருகிய தூண்கள் மட்டும் நின்றன. ஒரு தூணில் பிளாஸ்டிக் உருகி வழிந்து கெட்டியாகியிருந்தது. அதற்கு நடுவே ரெண்டு அங்குல ஆணி வளையாமல் அப்படியே இருந்தது. அதுதான் இருசப்பனின் வீடு.

இருசப்பன் கரையில் கட்டுமரத்தைப் பிரித்துப்போட்டு, கட்டைகளைச் சேர்த்துக் கயிறு இறுக்கிக்கொண்டிருந்தார். அவருடைய கைகளில் துணி சுற்றியிருந்தது. பக்கத்தில் பாய்த்துணியைக் கூரையாகக் கட்டி, அதன் நிழலில் அவர் மனைவி மாரியம்மா உட்கார்ந்திருந்தாள்.

"வா சார், குந்து" என்றார் இருசப்பன். குரலில் ஒன்றும் இல்லை.

நரசிம்மன் மணலில் உட்கார்ந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், அவர் கேட்க வந்ததையே கேட்டார். "பியூஸ்ல என்ன கம்பி போட்டிருந்தீங்க?"

"நான் தொட்டதே இல்ல சார். லைன்மேன் போட்டதுதான். பொட்டி மேல தப்பு சொல்லல. வலய நாந்தான் அதுக்குக் கீழ கொட்டி வச்சேன். மூல வெட்டியா கீதேன்னு கொட்னேன்." அவர் கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்தார். "பொட்டி கெட்டிதான். ஆணி கூட இன்னும் அப்டியே கீது பாரு."

பெட்டி மேல் தப்பில்லை என்று அவரே சொல்லிவிட்டார், கையெழுத்துப் போடுவதற்கு அது போதும். எழுந்து போயிருக்கலாம். அவரை உட்காரவைத்தது தைரியம் என்று சொல்ல முடியாது. ஐந்து மாதமாக வாயை மூடியிருந்த அதே மரத்துப்போன மனசுதான், இப்போது திறப்பதும் மூடுவதும் ஒன்றுதான் என்று திறந்துவிட்டது.

"வலையால இல்ல. பெட்டிதான் எரிஞ்சது. எரியாம இருக்க அதுல ஒரு பொடி கலக்கணும். கலந்தா பெட்டி ஆணிக்குத் தாங்காது. நீங்க ஒடையுதுன்னு வந்தீங்களே, அதுக்கப்புறம் நாங்க பொடியை எடுத்துட்டோம்."

"எடுத்தா எரியும்னு தெரியுமா?"

"தெரியும்."

"யாருக்கு?"

"எனக்கு."

மாரியம்மா தலையைத் திருப்பினாள். இருசப்பன் அடிப்பார் என்று நரசிம்மன் நினைத்தார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கயிற்றைக் கீழே வைத்துவிட்டு, துணி சுற்றிய கையால் கட்டுமரத்தைத் தட்டினார்.

"சார், இத்தப் பாரு. இதுல ஒரு ஆணி கீதா?"

நரசிம்மன் பார்த்தார். நாலு கட்டைகள், குறுக்குக் கட்டை, கயிறு. ஆணி எங்கும் இல்லை.

"நடுக்கடல்ல அலை போட்டு அடிச்சிகினே கீது, கட்டுதான் தாங்குது. ஆணி அடிச்சா ஒடையும், ஆனா எரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீன்னா, பொட்டியத் தூணோட சேத்து கயித்துல கட்டியிருப்பேன். எங்களுக்குக் கட்டத் தெரியாதா சார்? பொறந்ததிலேர்ந்து அதத்தான பண்ணிகினு கீறோம்." அவர் குரல் அங்கேதான் உடைந்தது. "ஒரு மொழக் கயிறு சார். எம் பொண்ணு இருந்திருப்பா."

மாரியம்மா பாய்த்துணி நிழலிலிருந்து கேட்டாள். "மத்த குப்பத்துலயும் இந்தப் பொட்டிதான கீது?"

"ஆமாம்மா."

"எத்தினி வூட்டுல?"

"முந்நூத்து நாப்பது."

"அப்ப இங்க குந்திகினு இன்னா பண்ற? போ."

அவள் 'போங்க' என்று சொல்லவில்லை. நரசிம்மன் எழுந்தார். தூணில் இருந்த கருகிய பெட்டியை எடுக்கவில்லை, அது அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு நடந்தார்.

ஊர் திரும்பியதும் சங்கத்துக்கு ஒரு தந்தி கொடுத்தார். வேலாண்டிக் குப்பத்துப் பெட்டிகளில் குறை இருக்கிறது, மற்ற ஊர்களில் மின்சாரத்தை நிறுத்துங்கள் என்று அதில் இருந்தது. சங்கம் அன்றே நிறுத்தியது. ஆனால் ஒரு தந்தியை நம்பி எல்லாப் பெட்டிகளையும் கழற்ற அவர்கள் தயாராக இல்லை. நேரில் பார்த்துவரச் சொல்லி, செவ்வாய்க்கிழமை கோபாலகிருஷ்ணனையே அனுப்பினார்கள்.

அன்று தணிகைவேலும் சோதனை அறைக்கு வந்து நின்றார். கையெழுத்தாகாத கடிதம் மேசையில் இருந்தது. "துண்டைக் காட்டுங்க நரசிம்மன்" என்றார், இழுப்பறையைப் பார்த்தபடி. அதில் ஒரே ஒரு துண்டுதான் மிச்சம் இருந்தது.

நரசிம்மன் இழுப்பறையைத் திறக்கவில்லை. கோபாலகிருஷ்ணனைப் பார்த்து, "அட்டைப் பெட்டியைப் பிரிச்சு, உங்களுக்கு இஷ்டப்பட்ட ஒண்ணை நீங்களே எடுங்க சார்" என்றார். கோபாலகிருஷ்ணன் எடுத்துக் கொடுத்ததை ரம்பத்தால் அறுத்து, விரல் நீளத் துண்டு ஒன்றை இடுக்கியில் பிடித்து விளக்கில் காட்டினார்.

கோபாலகிருஷ்ணன் பழக்கத்தில் எண்ண ஆரம்பித்தார். பத்தில் விளக்கை நகர்த்தினார் நரசிம்மன். பதினைந்து, இருபது. துண்டு எரிந்தது. கறுப்புப் புகை எழும்பியது. தீ சொட்டுச் சொட்டாகத் தகரத் தட்டில் விழுந்து, விழுந்த இடத்திலும் எரிந்தது. நாற்பதில் கோபாலகிருஷ்ணன் எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

"என்ன சார் இது?"

"இதுதான் சார் உங்களுக்கு அனுப்பினது. அஞ்சு மாசமா தீக்கு ஒரு துண்டு, அடிக்கு ஒரு பெட்டின்னு காட்டினேன். அது சோதனை இல்ல, நாடகம்."

"இவருக்கு ரெண்டு நாளா மனசு சரியில்ல சார்" என்று தணிகைவேல் இடையில் புகுந்தார். அவரை யாரும் கவனிக்கவில்லை.

கோபாலகிருஷ்ணன் தம் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தத் துண்டு எந்தப் பெட்டில வெட்டினதுன்னு நான் ஒரு நாள்கூட கேக்கல. லஞ்சம் வாங்காதவன்னு ஒரு கர்வம் சார் எனக்கு. அதுவே போதும்னு இருந்துட்டேன்" என்றார். நரசிம்மன் தம் நோட்டை எடுத்து அவரிடம் கொடுத்தார்.

அந்த வாரமே முந்நூற்று நாற்பது பெட்டிகளும் கழற்றப்பட்டன. அதில் ஒன்பது பெட்டிகள் உள்ளே கருகத் தொடங்கியிருந்தன. நரசிம்மனுக்கு வேலை போயிற்று. அவர் மேலும் தணிகைவேல் மேலும் வழக்கு வந்தது, கோர்ட்டில் அவர் நடந்ததை மறைக்காமல் சொன்னார். இதனால் மனசு லேசாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் அப்படி ஒன்றும் ஆகவில்லை. சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா என்று இன்னமும் சாரதாம்பாளைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆடி மாதத்தில் சங்கம் வேறோர் இடத்தில், பொடியைக் குறைக்காமல் புதுப் பெட்டிகள் செய்து அனுப்பியது. ஒவ்வொரு பெட்டியோடும் ஒரு சீட்டு இருந்தது: 'இது தீயைத் தாங்கும், ஆணியைத் தாங்காது, கயிற்றால் கட்டவும்.' அந்த வாசகத்தை நரசிம்மன்தான் எழுதிக் கொடுத்திருந்தார். குப்பம் குப்பமாகப் போய்ப் படித்துச் சொன்னதும் அவரேதான், கூலி வாங்காமல்.

வேலாண்டிக் குப்பத்துக்குக் கடைசியாகப் போனார். புதுக் குடிசையில் இருசப்பன் பெட்டியைத் தூணோடு வைத்து, மேலும் கீழும் கயிறு சுற்றி, கட்டுமரத்துக்குப் போடுகிற அதே முடிச்சைப் போட்டார். பெட்டி அசையவில்லை. அவர் கைத்தழும்பு இன்னும் சிவப்பாகவே இருந்தது.

மாரியம்மா சீட்டை நீட்டி, "இன்னா எழுதி கீது, படி" என்றாள். நரசிம்மன் படித்தார். அவள் மறுபடி படிக்கச் சொன்னாள். மறுபடியும் படித்தார்.

"இத்த அப்பவே எழுதறதுக்கு எவ்ளோ நேரம் ஆயிருக்கும்?" என்று கேட்டாள்.

"ஒரு நிமிஷம்மா."

மாரியம்மா சீட்டை வாங்கி, பெட்டிக்கும் கயிற்றுக்கும் நடுவே செருகினாள். "ஒடையறத ஒடையும்னு சொல்லணும், எரியறத எரியும்னு சொல்லணும். தெரிஞ்சவன் வாய மூடிகினா அவன் வூடா எரியுது? தெரியாதவன் வூடுதான் எரியுது. இத்த போற எடத்துல எல்லாம் சொல்லு" என்றாள்.

நரசிம்மன் "சொல்றேம்மா" என்றார்.